மூன்று நடிகர்கள், ஐந்து வாத்தியங்கள், ஒரு சாம்பல் பறவை

எங்கள் இசை நாடகத்தின் முதல் முன்னோட்டக் காட்சி முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் நேராக மேடைக்கு ஏறி வந்து, ஃப்ளூட் வாசித்த தோழியின் கையிலிருந்த குழலை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுதானே பொம்மைப் பறவை?" என்று கேட்டான். அவர் அதுவரை 70 நிமிடம் வாசித்தது நிஜப் பறவைக்கு. கதையே நிஜப் பறவைக்கும் பொம்மைப் பறவைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றியதுதான். அது அந்தப் பையனுக்குப் போய்ச் சேரவில்லை என்றால் நாங்கள் எட்டு வாரம் என்ன செய்தோம் என்று எனக்குப் புரியவில்லை. அன்றைக்கு இரவு அவன்மேல் கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது. மறுநாள் காலையில் ஒத்திகை வீடியோவைப் பார்த்தபோது அவன் சொன்னதுதான் சரி என்று தெரிந்துவிட்டது.

கதை, டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1843இல் வெளியிட்ட, நைட்டிங்கேல் என்ற பாடும் பறவையின் கதை. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். சீனப் பேரரசரின் தோட்டத்தைத் தாண்டி ஒரு காட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பறவை பாடுகிறது. ஊர் உலகத்துக்கெல்லாம் அது தெரியும், அரசருக்கு மட்டும் தெரியாது. சமையலறைச் சிறுமி வழிகாட்ட, அதை அரண்மனைக்குக் கொண்டுவருகிறார்கள். பிறகு பரிசாக வந்து சேர்கிறது கல் பதித்த ஒரு பொம்மைப் பறவை. சாவி கொடுத்தால் ஒரே பாட்டைப் பாடும். எல்லோரும் அதில் மயங்க, நிஜப் பறவை ஜன்னல் வழியாகப் பறந்து போய்விடுகிறது. ஒரு நாள் பொம்மையின் எந்திரம் அறுகிறது, அரசர் சாகக் கிடக்கிறார், சாவு அவர் மார்பின்மேல் உட்கார்ந்திருக்கிறது, நிஜப் பறவை திரும்பி வந்து பாடுகிறது.

இசைக் குழுவோடு சேர்த்து மேடையேற்ற இதைவிட நல்ல கதை கிடைக்காது என்று நினைத்தேன். இசையைப் பற்றிய கதை என்பதே அதிலுள்ள ஆபத்து என்று அப்போது தோன்றவில்லை. வேறு கதையில் இசை பின்னணியாக ஓடிப் பிழைத்துக்கொள்ளும். இதில் பறவை பாடியதும் அரசரின் கண்ணில் நீர் வந்தது என்று கதைசொல்லி சொல்லிவிட்டால், அடுத்த நொடி மேடையில் யாரோ ஒருவர் அந்த அளவுக்கு வாசித்தாக வேண்டும்.

உரிமை விஷயத்தை ஒரே பத்தியில் முடித்துவிடுகிறேன். ஆண்டர்சன் 1875இல் இறந்துவிட்டார், மூலக் கதையை யாரும் எடுத்தாளலாம். ஆனால் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு, படங்களுக்கும் உண்டு. அதனால் கதையின் சம்பவங்களை மட்டும் வைத்துக்கொண்டு வசனத்தைப் புதிதாக எழுதினேன். இசையமைப்பாளர் என் நெருங்கிய நண்பர், இருந்தாலும் வசனம் யாருடையது, இசை யாருடையது, வேறு குழு கேட்டால் யார் சம்மதிக்க வேண்டும் என்று முதல் வாரமே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். நட்பு கெடாமல் இருக்க அது உதவியது.

எத்தனை வாத்தியம் என்பதில்தான் முதல் சண்டை. நண்பருக்குப் பத்துப் பேர் வேண்டும். ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி 1918இல் ஒரு சிப்பாய், சாத்தான் கதையை நடிகர்களுக்கும் ஏழே வாத்தியங்களுக்கும் எழுதினார், போர்க்காலத்தில் பெரிய குழுவைத் திரட்ட வழியில்லாததால் பிறந்த வடிவம் அது என்று நான் எடுத்துச் சொன்னேன். "அவர் ஸ்ட்ராவின்ஸ்கி, நான் இல்லையே" என்றார். கடைசியில் ஐந்துக்கு வந்தோம்: ஃப்ளூட், கிளாரினெட், வயலின், அதைவிடப் பெரிதாய்க் கனத்து ஒலிக்கும் செல்லோ, அப்புறம் தாள வாத்தியங்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒருவர். நடிகர்கள் மூன்று பேர். இதில் முக்கியம் தாளக்காரர்தான். மணி, மரக்கட்டை, உலோகப் பட்டைகளைச் சுத்தியால் தட்டும் க்ளாக்கன்ஷ்பீல் எல்லாம் அவர் கையில் இருப்பதால் ஒருவர் மூன்று பேருக்குச் சமம். மேடையில் அவருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதை முதலிலேயே அளந்து வைத்துவிடுங்கள். நாங்கள் அளக்காமல் விட்டோம், அரசரின் கட்டிலைப் பாதியாகக் குறைக்க வேண்டியதாயிற்று.

என் முதல் பிரதி 41 பக்கம். மேடைக்குப் போனது 17. இடையில் காணாமல் போன 24 பக்கங்களில் முக்கால்வாசி வர்ணனை. பீங்கான் அரண்மனை, பூக்களில் கட்டிய வெள்ளி மணி, காட்டின் இருட்டு, கடலோரம். எழுதும்போது எல்லாம் அழகாக இருந்தது. முதல் வாசிப்பில் கதைசொல்லி "பூக்களில் கட்டியிருந்த வெள்ளி மணிகள் காற்றில் மெல்ல ஒலித்தன" என்று படிக்க, தாளக்காரர் மணியை மெல்ல ஒலித்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்லியிருந்தோம். அதன்பிறகு ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, வாத்தியம் சொல்லிவிடக்கூடிய ஒவ்வொரு வரியையும் அடித்தேன். இசையமைப்பாளரும் தன் பங்குக்கு, வசனமே தெளிவாகச் சொல்லிவிட்ட இடங்களில் வாத்தியத்தை நிறுத்தினார். அவருக்கு அது என்னைவிட அதிகம் வலித்திருக்கும்.

வெட்டாமல் வைத்துக்கொண்டதும் உண்டு. பறவையைத் தேடிப் போகும் அரண்மனைக்காரர்கள் மாடு கத்துவதைக் கேட்டு "ஆகா, என்ன குரல்!" என்பார்கள், பிறகு தவளை கத்துவதைக் கேட்டும் அப்படியே உருகுவார்கள். செல்லோவின் தடிமனான கம்பியில் விரலை இழுத்து வந்த மாட்டுக் குரலுக்கே குழந்தைகள் உருண்டு சிரித்தார்கள். தவளை, வயலின் வில்லின் மரப்பக்கத்தால் கம்பியைத் தட்டியது. இசைக் கலைஞர்களும் விளையாட்டில் சேர்ந்துவிட்டார்கள் என்று பார்ப்பவர்களுக்கு முதலில் புரியும் இடம் இதுதான். இப்படி ஓர் இடம் முதல் ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிடுவது நல்லது. இல்லையென்றால் கறுப்புச் சட்டை போட்ட ஐந்து பேர் ஓரமாக உட்கார்ந்து ஏதோ செய்கிறார்கள் என்றுதான் கடைசி வரை தோன்றும்.

சரி, அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன்.

பறவை என்றதும் ஃப்ளூட் என்று கை தானாகப் போகிறது. இன்னொரு ரஷ்ய இசையமைப்பாளர் ப்ரோகோஃபியேவ் 1936இல் சிறுவர்களுக்காக எழுதிய ஓநாய்க் கதையிலும் பறவைக்கு ஃப்ளூட்தான். நாங்களும் யோசிக்கவே இல்லை. நிஜப் பறவைக்கு ஃப்ளூட்டில் வேகவேகமான சுரங்கள், பொம்மைக்கு க்ளாக்கன்ஷ்பீல். வீடியோவில் பார்த்தால், ஒளிவட்டத்துக்கு நடுவில் வெள்ளியாய் மின்னும் ஒரு குழல், அதில் பிசிறில்லாமல் பொழியும் சுரங்கள், ஒவ்வொரு முறையும் அச்சு மாறாமல் அதே வாசிப்பு. பொம்மையின் கருவியோ பின்னால் இருட்டில் இருந்தது. எட்டு வயதுக் கண்ணுக்கு எது நகைப்பெட்டியிலிருந்து வந்த பறவையாகத் தெரியும்? அவன் கண்ணால் பார்த்ததை நம்பினான், நாங்கள் ஸ்கோரை, அதாவது எழுதிய இசைத் தாளை, நம்பிக்கொண்டிருந்தோம்.

அதனால் மாற்றினோம். மின்னும் ஃப்ளூட் பொம்மைப் பறவை ஆனது. நிஜப் பறவை, பார்ப்பதற்குக் கறுப்பாக, சாதாரணமாக இருக்கும் கிளாரினெட்டுக்குப் போனது. இசையமைப்பாளர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து, கிளாரினெட்டால் செய்ய முடிகிற ஒன்றைக் காட்டினார்: சத்தம் எப்போது தொடங்கியது என்றே தெரியாதபடி ஒரு சுரத்தை ஒன்றுமில்லாததிலிருந்து கொண்டுவரலாம். சாகக் கிடக்கும் அரசரின் ஜன்னலில் பறவை திரும்பி வரும் இடத்துக்கு அதைவிட என்ன வேண்டும்?

இங்கே ஒரு சின்ன அசடு வழிந்ததையும் சொல்லிவிட வேண்டும். அவசரத்தில் ஃப்ளூட்டின் தாளையே நகலெடுத்துக் கிளாரினெட்காரரிடம் கொடுத்துவிட்டேன். வழக்கமான பி-ஃப்ளாட் கிளாரினெட்டில், எழுதியிருப்பதைவிட ஒரு முழுச் சுரம் கீழேதான் ஒலிக்கும். பறவை ஒரு ஸ்ருதியிலும் செல்லோ வேறு ஸ்ருதியிலும் பத்து விநாடி ஓடியபிறகு, செல்லோ வாசிக்கும் பெரியவர் வில்லைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, இது கதையிலேயே இருக்கா, இல்ல நம்ம தப்பா?" என்று கேட்டார்.

வாத்தியத்தை மாற்றியது பாதி வேலைதான். மீதி, கதையிலேயே இருந்தது. இரண்டு பறவைகளையும் சேர்ந்து பாடச் சொல்வார்கள், ஒத்துவராது. நிஜப் பறவை தன் போக்கில் பாடும், பொம்மை உருளையில் ஏற்றிய வால்ட்ஸ் என்ற நடன மெட்டைத்தான் பாடும். தப்பு பொம்மையுடையது இல்லை, அது தாளம் தப்பவே இல்லையே என்பார் அரண்மனை இசை ஆசான் (அந்தப் பொம்மையைப் பற்றி 25 தொகுதி எழுதியவர் அவர்). இந்த ஒரு வரியை வைத்துத்தான் எங்கள் நாடகத்தின் விதியைப் போட்டோம். பொம்மை யாருக்காகவும் காத்திருக்காது. நடிகர் பேசிக்கொண்டிருந்தாலும் வால்ட்ஸ் அவர் பேச்சின்மேல் ஏறிவிடும், அவர் கத்திப் பேச வேண்டும். நிஜப் பறவை, எதிரே இருப்பவர் பேசி முடிக்கும் வரை காத்திருக்கும், பிறகு அவர் சொன்ன தொனிக்குப் பதில் சொல்வதுபோல் தொடங்கும். கிளாரினெட்டுக்குத் தாளக்கட்டு எதுவும் எழுதவில்லை. பெட்டி பெட்டியாக ஏழு இசைத் துணுக்கு மட்டும் ஒரு தாளில். எதை எப்போது எடுப்பது என்பது அவர் விருப்பம், ஸ்கோரைப் பார்க்காமல் நடிகரின் முகத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். முதல் வாரம் அவர் திணறிப்போனார். வாழ்நாள் முழுக்க எழுதியதை வாசித்தவருக்கு அது பெரிய வேலை, தயவுசெய்து கடைசி வாரத்தில் இதைக் கேட்டுவிடாதீர்கள்.

பொம்மை ஒரே பாட்டை 33 முறை பாடியது என்று கதையில் வரும். நிமிடத்துக்கு 180 தட்டு வேகத்தில் எட்டு பார் வால்ட்ஸ் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார், வால்ட்ஸில் அது மூன்று தட்டு) 8 விநாடி. 33 முறை என்றால் 264 விநாடி, அதாவது 4 நிமிடம் 24 விநாடி. ஒத்திகையில் ஒரு தடவை முழுதாகச் செய்துபார்த்தோம். பத்தாவது சுற்றில் சிரித்தோம், இருபதாவதில் எரிச்சல் வந்தது, முப்பதாவதில் மறுபடி சிரித்தோம். மேடையில் ஏழு முறை மட்டும். நடுவே நடிகர்கள் "பதினெட்டு!", "இருபத்தாறு!" என்று விசிறிக்கொண்டே எண்ணினார்கள், குழந்தைகள் கூடவே எண்ணி, எண்களைத் தாவியதற்காக எங்களைத் திட்டினார்கள். எந்திரம் அறுகிற இடத்தில் தாளக்காரர் ராட்செட்டைச் சுற்றுவார், கைப்பிடியைச் சுழற்றினால் கரகரவென்று பற்கள் ஓடும் மரக் கருவி அது. அதோடு ஃப்ளூட் வாசிப்பவர் மூச்சை மட்டும் நிறுத்திவிட்டு விரல்களை நிறுத்தவில்லை. பாட்டு போய்விட்டது, குழலின் சாவிகள் டக் டக்கென்று மூடித் திறக்கும் சத்தம் மட்டும் அரங்கில் கேட்டது. யாரும் யோசித்து வைத்ததில்லை, ஒத்திகையில் அவர் விளையாட்டாகச் செய்தார், நான் கத்தியே விட்டேன், அதை விட்டுவிடாதீர்கள் என்று.

பேச்சுக்கு அடியில் இசை ஓடுவது பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், இதில்தான் எல்லோரும் அடிபடுகிறார்கள். ஆண் நடிகர் சாதாரணமாகப் பேசும் ஸ்ருதி சுமாராக 100 முதல் 150 ஹெர்ட்ஸ். செல்லோவின் நடு இரண்டு கம்பிகள் 98, 147. இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொள்கின்றன. எங்கள் அரசருக்கு நல்ல கனத்த குரல், செல்லோ அடியில் ஓடியபோது அவர் என்ன பேசுகிறார் என்று மூன்றாவது வரிசையிலேயே கேட்கவில்லை. எல்லோரும் செய்வதுபோல் முதலில் செல்லோவை மெல்ல வாசிக்கச் சொன்னோம், அவரைச் சத்தமாகப் பேசச் சொன்னோம். இரண்டும் உதவவில்லை. செல்லோவை மேல் கம்பிக்கு மாற்றி, நீண்ட சுரத்தை எடுத்துவிட்டு விரலால் மீட்டுகிற ஒற்றைச் சுரங்களாக ஆக்கியதும் பேச்சு தெளிந்துவிட்டது. பேச்சுக்குக் கீழே மெட்டு ஓடினால் காது மெட்டின் பின்னாலேயே போய்விடுகிறது என்பதையும் கவனித்தேன். பேசும்போது மெட்டு வேண்டாம், ஒரே சுரமோ மெல்லிய நடுக்கமோ போதும். மெட்டு வர வேண்டுமென்றால் நடிகர் வாயை மூட வேண்டும்.

அடுத்தது க்யூ, அதாவது யார் எப்போது தொடங்க வேண்டும் என்பதற்கான குறிப்பு. இசைக் கலைஞர்கள் நாடகப் பிரதியைப் படிக்கமாட்டார்கள், நடிகர்கள் பார் எண்ணமாட்டார்கள், இது மாறாது. அதனால் ஒவ்வொருவர் தாளிலும், வாசிக்கத் தொடங்கும் இடத்துக்கு முன்னால் நடிகர் சொல்லும் கடைசி நான்கைந்து சொல்லை அச்சிட்டுக் கொடுத்தோம். நான் செய்த தவறு, கடைசி ஒரு சொல்லை மட்டும் கொடுத்தது. தமிழில் வாக்கியம் எதில் முடியும்? "என்றார்." கதைசொல்லி ஒரு பக்கத்தில் ஒன்பது முறை "என்றார்" சொல்லுவார், வயலின் மூன்றாவது "என்றார்"க்கே பாய்ந்துவிட்டது. வினை கடைசியில் வருவதால் இன்னொரு சிக்கலும் உண்டு. "அரசர் இறந்துவிட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள்" என்ற வரியில், "இறந்துவிட்டார்" என்று கேட்டதும் செல்லோ சோகமாக ஒரு சுரத்தை இறக்கியது, அப்புறம் "நினைத்தார்கள்" வந்தபோது அரசர் சாகவில்லை என்பதற்கு ஆச்சரியமே இல்லாமல் போயிற்று. இசை வர வேண்டிய வாக்கியங்களை மட்டும் உட்கார்ந்து திருத்தி எழுதினேன். "எல்லோரும் நினைத்தார்கள். என்ன நினைத்தார்கள்? அரசர் இறந்துவிட்டார்." இங்கே செல்லோ, ஓர் அமைதி, அரசர் இருமுவார்.

நடிகர் ஒரு நாள் வேகமாக நடப்பார், ஒரு நாள் மெதுவாக. அதற்காக நடை வரும் இடங்களிலெல்லாம் இரண்டு பாரைக் க்யூ வரும்வரை திரும்பத் திரும்ப வாசிக்கும்படி எழுதிக்கொண்டோம். யார் க்யூவைப் பார்த்துத் தலையசைப்பது என்பது ஒரே ஆளாக இருக்க வேண்டும். எங்களுக்கு வயலின் வாசிப்பவர். அவர் உட்காரும் கோணத்தை அதற்காகவே திருப்பி வைத்தோம், இல்லாவிட்டால் நடிகரின் முதுகுதான் தெரியும்.

விளக்கு. முழு இருட்டு போட்டால் நடிகருக்குப் பிரச்சினை இல்லை, ஐந்து பேருக்குத் தாள் தெரியாது. ஸ்டாண்ட் விளக்குகள் போட்டால் இருட்டு இருட்டாக இருக்காது. சாவு வரும் காட்சியில் இரண்டும் வேண்டியிருந்தது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்யச் சொன்னேன். பன்னிரண்டே பார், கேட்டதும் எல்லோர் முகமும் மாறியது, ஆனால் செய்தார்கள். விளக்குகளை அணைத்துவிட்டு அவர்களுக்கு இன்னொரு வேலையும் கொடுத்தேன். கதையில் அரசரின் நல்ல செயல்களும் கெட்ட செயல்களும் திரைச்சீலையிலிருந்து முகங்களாக எட்டிப் பார்த்து "நினைவிருக்கிறதா?" என்று கிசுகிசுக்கும். அந்தக் கிசுகிசுப்பை இசைக் கலைஞர்களே செய்தார்கள். செல்லோப் பெரியவர் முதலில் "எனக்கு வாய் வராது தம்பி" என்றார். அவர் சொன்ன "நினைவிருக்கா" தான் எனக்கே முதுகைச் சில்லிட வைத்தது.

சாவைக் குழந்தைகளுக்குக் காட்டலாமா என்று ஒரு நீண்ட விவாதம் நடந்தது. தூக்கிவிட்டால் கதையே இல்லை. மார்பின்மேல் உட்கார வைக்கவில்லை, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில், அரசரின் கிரீடத்தைத் தலையிலும் வாளையும் கொடியையும் கையிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். என் முதல் பிரதியில் இதற்கு ஒன்றரைப் பக்க வசனம். கடைசியில் மிஞ்சியது சாவு சொல்லும் "இன்னொன்று பாடு" மட்டும், மூன்று முறை. மூன்றாவது முறை நடிகர் அதைச் சொல்லவே இல்லை, கொடியைத் தானாக நீட்டினார், கிளாரினெட்காரர் அவர் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் அதிகமாகவே காத்திருந்துவிட்டுத் தொடங்கினார். முன்வரிசையில் ஒரு பெண் குழந்தை, "குடுத்துடு, குடுத்துடு" என்று சாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தது.

70 நிமிட நாடகம் 48 ஆகிவிட்டிருந்தது. மாற்றிய நாடகத்தைப் பார்க்க அந்தப் பையனையும் கூப்பிட்டிருந்தோம், வந்தான், கேள்வி எதுவும் கேட்கவில்லை, ராட்செட்டைச் சுற்றிப் பார்க்க மட்டும் அனுமதி கேட்டான்.

முடிவைப் பற்றி ஒன்று. வேலைக்காரர்கள் செத்துப்போன அரசரைப் பார்க்க உள்ளே வருகிறார்கள், அரசர் எழுந்து நின்று "காலை வணக்கம்" என்கிறார், கதை அங்கே முடிகிறது. அதற்குப் பிறகு ஐந்து வாத்தியமும் சேர்ந்து எழும்ப ஒரு நிறைவுப் பகுதியை இசையமைப்பாளர் எழுதியிருந்தார், செல்லோவுக்கு அதில் 16 பார் தனி மெட்டு, முழு நாடகத்திலும் அவருக்குக் கிடைத்த ஒரே பெரிய மெட்டு. கடைசி ஒத்திகையில் "காலை வணக்கம்" என்றதும் அரங்கில் இருந்த நான்கு பேரும் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பின்மேல் இசை வந்து விழுந்தது. அன்றைக்கே வெட்டினோம். அரசர் சொல்வார், விளக்கு அணையும், அவ்வளவுதான். பெரியவர் அந்தத் தாளைத் தூக்கிப் போடவில்லை. எங்கே பார்த்தாலும், "தம்பி, அந்த 16 பாரை வேற எதிலயாவது போடுறியா?" என்று கேட்கிறார்.